நான்காவது கட்டம்

தலவாக்கலை
14.06.2024, வெள்ளிக்கிழமை

நாகலெட்சுமி அக்காவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இரவு மணி பன்னிரண்டரை. நிலக்ஷி இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கிறது.

உங்கள் போனை ஒபிஸில் வாங்கி வைத்துவிட்டார்கள் என்று தெரியும். பொகவந்தலாவையில் தங்கச்சி வீட்டில் இருப்பதாக உங்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதனால் கடிதம். நாளை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் கொடுத்து முனாப் நானா கடையில் இறக்கச் சொல்வேன்.

முதலில் நீங்கள் கேட்க நினைப்பது. கிஷாந்துக்கு மூச்சு சீராகிவிட்டது. நேற்று மூக்கிலிருந்து குழாயை எடுத்தார்கள். கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, முகம் பனிஸ் மாதிரி ஊதியிருக்கிறது. அவன் அம்மா மீனம்மா அக்கா வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறாள். நான் கொண்டுபோன பிஸ்கட்டை வாங்கினாள். மூன்று வயதுப் பிள்ளை, அவித்த முட்டையில் பாதிதான் தின்றிருக்கிறான்.

இனி நான் கேட்க வேண்டியது. புதன்கிழமை விசாரணையில் நலன்புரி உத்தியோகத்தர் சப்ராஸ் சேர் ஒபிஸ் கம்பியூட்டரில் நீங்கள் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளின் பட்டியலைத் திறந்தார். தோட்டத்துக்காக நான் செய்த இணையப் பக்கம். "கொடுக்கக் கூடாதது-ன்னு ஒரு கட்டம் இருக்கா, இல்லையா?" என்று என்னைக் கேட்டார். இருக்கு சேர் என்றேன். கிஷாந்தின் பெயருக்கு நேரே "முட்டை" என்று இருந்தது. மீனம்மா அக்கா சொல்லி நானே பதிந்தது. நீங்கள் எழும்பி, "என் போன்ல அப்படி ஒரு கட்டமே இல்லீங்க சேர்" என்றீர்கள். பின்னேரம் உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இன்று ஹட்டனில் போன் கடைக்குப் போய், உங்களுக்குக் கொடுத்த அதே மாதிரிப் போன் ஒன்றைக் கையில் வாங்கிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான்கு கட்டமும் ஒழுங்காக இருந்தன.

அக்கா, இருபது பிள்ளைகள், ஒருவர் கை. பார்க்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் கல்லெறிய மாட்டார்கள். இல்லாத ஒன்றைச் சொன்னால்தான் பொய் என்பார்கள். உண்மையை எனக்கு மட்டுமாவது எழுதுங்கள். இதே பக்கத்தைத்தான் இன்னும் எட்டுக் காம்பராக்களில் பார்க்கிறார்கள். நீங்கள் மறந்திருந்தால் எனக்குத் தூக்கம் வரும். மறக்கவில்லை என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

லோஜினி


பொகவந்தலாவை
18.06.2024

லோஜினி மிஸ்ஸுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முனாப் நானா கடையைப் பூட்டியிருந்தார். இன்றைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனபோதுதான் கிடைத்தது. "ஒங்களுக்கு லெட்டரொண்டு வந்தீக்கி. கண்டக்டர்ட கையால வார லெட்டர்ல நல்ல சேதி ஈக்காதே" என்றார். அவர் வாய் அப்படி. வேண்டுமானால் கடைப் போனில் பேசு என்றும் சொன்னார். நாலு பேர் சீனி நிறுக்கிற இடத்தில் நின்று இதைப் பேச என்னால் ஆகாது. எழுதியே தருகிறேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். மறந்திருந்தால் எழுதியிருப்பேன். அடுப்பில் பாலை மறந்திருக்கிறேன். தோட்டத்துத் துரை வந்தபோது எழும்பி நிற்க மறந்திருக்கிறேன். ஒரு பிள்ளை எதைத் தின்னக்கூடாது என்பதைப் பதினெட்டு வருஷத்தில் மறந்ததில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மீனம்மா மேற்பிரிவிலிருந்து லயத்து வீடு மாறி வந்தவள். போன செவ்வாய்க்கிழமை காலையில்தான் பையனை முதல் முதலாகக் கொண்டுவந்து விட்டாள். "இவனுக்கு ஏதும் ஒத்துக்காதா?" என்று வாசலிலேயே கேட்டேன். "எல்லாம் லோஜினிகிட்ட சொல்லிட்டேங்க்கா, போன்ல போட்டிருக்கும்" என்று ஓடினாள். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் அரைநாள்தான் பதிவார்கள், அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். நான் போனைப் பார்த்தேன். பெயர், வயது, அம்மா வேலை செய்கிற மலை. மூன்று கட்டம். அதற்குப் பிறகு முட்டையை உரித்தேன்.

நான்காவது கட்டம் ஒன்று முன்னால் இருந்தது எனக்கும் தெரியும். அதற்கு முதல் நாள் திங்கட்கிழமை காலையிலிருந்து இல்லை. நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். வாரத்துக்கு ஒரு தடவை எதையாவது மாற்றுவீர்கள். பச்சையாக இருந்தது நீலமாகும், மேலே இருந்தது கீழே போகும். சேரிடம் கேட்டால் "அப்டேட்" என்பார். காம்பராச் சுவரில் ஆணியில் தொங்கிய கொப்பியையும் நீங்கள்தானே கழற்றிக்கொண்டு போனீர்கள்? "இனி இது தேவைப்படாதுக்கா" என்றீர்கள். அந்தக் கொப்பியில் ஆகாததையெல்லாம் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருந்தேன்.

ஹட்டன் கடைப் போனில் பார்த்தீர்களாம். கடைப் போனில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். என் கண்ணுக்கு அது ஆகாது என்று பொங்கலுக்கு வந்த மகள் எழுத்தைப் பெரிசாக்கித் தந்தாள், எவ்வளவு பெரிசாகுமோ அவ்வளவு. அதையும் ஒரு குற்றமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டம் இருக்கு சேர் என்று நீங்கள் சொன்னபோது நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். நீங்கள் கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நாகலெட்சுமி


தலவாக்கலை
20.06.2024

அக்கா,

தனியாக இருக்கும்போது இதைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் எழுத்தைப் பெரிசாக்கிய இடத்தை வாசித்ததும் அதையே இரண்டாம் தரமும் வாசித்தேன். நேற்றுக் காலை ஒபிஸுக்குப் போய், சிவசாமி கிளாக்கரிடம் உங்கள் போனைக் கேட்டேன். "என்னா தங்கச்சி, பேயப் பாத்தவ மாதிரி வர்றே" என்று மேசை லாச்சியைத் திறந்தார். போன் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. வாங்கி வைத்த நாளிலிருந்து ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. கம்பியூட்டரில் பார்த்தால் போதும், பக்கம் ஒன்றுதானே என்று எல்லாரும் நினைத்துவிட்டோம். நானுமா நினைக்க வேண்டும்?

சார்ஜ் ஏற்றித் திறந்தேன். மூன்று கட்டம். விரலால் தள்ளினேன், அசையவில்லை. போனைப் படுக்கையாகத் திருப்பினேன். நான்காவது கட்டம் வந்தது. கிஷாந்த், முட்டை. நிமிர்த்தினேன். போய்விட்டது. நான்கு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கு தரமும் போய்விட்டது.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலின் அகலம் "திரையில் நூறு வீதம்" என்று எழுதியிருந்தேன். அது கட்டளை என்று நினைத்திருந்தேன். பிரவுசர் அதை ஒரு விருப்பமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அது முதலில் ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து கீழ்வரைக்கும் போய், மடிக்க முடியாத சொற்களில் எது மிக நீளம் என்று அளக்கிறது. இடைவெளி இருந்தால் அங்கே மடித்து அடுத்த வரியில் போடும். இடைவெளி இல்லாத சொல்லை மடிக்காது, அந்தச் சொல்லைவிடக் கட்டத்தைக் குறுக்கவும் குறுக்காது. இப்படி நான்கு கட்டங்களுக்கும் ஆகக் குறைந்த அகலத்தைக் கூட்டுகிறது. கூட்டினது திரைக்குள் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் என் நூறு வீதத்தை ஒதுக்கிவிட்டு, பட்டியலை வலதுபக்கம் திரைக்கு வெளியே நீட்டிவிடுகிறது. எழுத்துப் பெரிசானால் சொல்லும் பெரிசு, அப்போது இன்னும் சீக்கிரம் நீட்டிவிடும்.

நீட்டினாலும் விரலால் தள்ளிப் பார்க்க முடிந்திருக்க வேண்டும். அதை நான்தான் கெடுத்தேன். மார்ச் மாதம் சப்ராஸ் சேர், "பக்கம் கப்பல் மாதிரி ஆடுது லோஜினி, அசையாம நிக்க வைங்க" என்றார். மேலே போட்ட படம் ஒன்றுதான் அன்றைக்கு அகலம் கூடி ஆடிக்கொண்டிருந்தது. படத்தைச் சிறிதாக்கியிருக்கலாம். நிலக்ஷி மடியில் அழுதுகொண்டிருந்தாள். வெளியே நீட்டுகிற எதையும் மறை என்று ஒரு வரி போட்டேன். ஆட்டம் நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம்.

திங்கட்கிழமை என்ன மாறியது என்று இரவு முழுவதும் தேடினேன். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஒரு புதுப் பெயர் சேர்ந்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து உங்களிடம் விடலாம் என்று நானே சேர்த்த என் மகள் பெயர். உங்கள் காம்பராவில் ஏற்கெனவே ஒரு நிலக்ஷி இருக்கிறாள் அல்லவா? ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அப்பா பெயர், பிரிவு, லய நம்பர் எல்லாம் சேர்த்து எழுத வேண்டும், நடுவில் இடம் விட்டால் எவனாவது எதையாவது செருகுவான், புள்ளி வைத்து ஒட்டி எழுது என்று சம்பளத்துக்குச் செக்ரோல் எழுதுகிற சிவசாமி கிளாக்கர் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். நானும் அப்படியே அடித்தேன். நிலக்ஷி.துஷாந்த்.கீழ்ப்பிரிவு.11ஆம்லயம். பிரவுசருக்கு அது ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்காகப் பெயர்க் கட்டம் முழுவதும், எல்லாப் பிள்ளைக்கும், அகலமாகிவிட்டது. கடைசிக் கட்டம் வெளியே போனது. என் மகள் பெயர் போய்க் கிஷாந்தின் முட்டையை மறைத்துவிட்டது அக்கா.

நேற்றே எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். மறைக்கிற வரியை எடுத்தேன். நீளமான சொல்லை மடிக்கலாம் என்று எழுதினேன். ஆகாததைப் பெயருக்குக் கீழேயே சிவப்பில் வைத்தேன். இனி எந்தப் போனிலும் மறையாது.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கொழும்பில் இருக்கிற என் வீட்டுக்காரர் துஷாந்திடம் மட்டும் போனில் சொன்னேன். "சரி பண்ணிட்டல்ல? அப்பறம் வாயத் தெறக்காத. கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு பொலிஸ் வாசல்ல நிக்கப் போறியா?" என்றார். அவர் சொன்னதிலிருந்து வெளியே வாகனச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். என்னைக் கூட்டிப்போனால் இவளுக்கு யார் பால் கொடுப்பது? ஆனால் உங்களை நினைத்தாலும் இருக்க முடியவில்லை. சொல்லட்டுமா அக்கா? நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

லோஜினி


பொகவந்தலாவை
22.06.2024

லோஜினி,

என்னிடம் என்ன கேட்கிறாய்? வேண்டாம் என்று நான் எழுதினால் நீ நிம்மதியாகத் தூங்குவாய். சொல்லு என்று எழுதினால் உன் பிள்ளை வயிற்றில் அடித்தவள் நான் ஆவேன். இரண்டையும் எழுத மாட்டேன்.

நேற்று சப்ராஸ் சேர் இங்கேயே வந்தார். கையில் ஒரு தாள். என் கவனக்குறைவால் நடந்தது என்று ஒப்புக்கொள்கிறேனாம். "கையெழுத்து வச்சிட்டா கொழுந்து பறிக்க மலைக்கு மாத்திவிட்டு இதோட முடிச்சிடலாம். இல்லாட்டி பொலிஸுக்குக் குடுக்கணும்னு மேல சொல்றாங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட வேண்டுமாம். தங்கச்சி வீட்டுக்காரர் போட்டுத் தொலை என்கிறார். நேற்றுப் பேனையை எடுத்தேன். பேர் எழுத வேண்டிய இடம் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அது என் பாடு. இதை எழுத வந்தது வேறு விஷயத்துக்கு.

மேற்பிரிவுக் காம்பராவில் புதிதாகச் சேர்ந்த தனுஷிகாவைத் தெரியும்தானே? இன்றைக்கு இங்கே ஒரு சடங்கு வீட்டுக்கு வந்திருந்தாள். நீ எல்லாம் திருத்திவிட்டதாக எழுதியிருந்தாயே, சிவப்பு எழுத்தை நானும் ஒரு தரம் பார்க்கலாம் என்று அவள் போனைக் கேட்டேன். அவளும் என்னைப் பார்த்து எழுத்தைப் பெரிசாக்கினவள். திறந்து காட்டினாள். சிவப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்று கட்டம். அங்கேயும் இரண்டு யோகிதா, புள்ளி வைத்து ஒட்டின நீளப் பெயர். நீ திருத்தினது எங்கே போனது?

அவளிடம் பதினேழு பிள்ளைகள். யார் யாருக்கு என்ன ஆகாது என்று கேட்டேன். "அதெல்லாம் போன்ல இருக்கும்லக்கா" என்றாள்.

பிள்ளை பெயர் மேல் பழியைப் போடாதே. அவள் என்ன செய்வாள்?

நாகலெட்சுமி


தலவாக்கலை
24.06.2024, திங்கட்கிழமை

அக்கா,

இதையும் இரவில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் இன்று பத்தரைக்கு என் கைக்கு வந்தது. நாளை செவ்வாய். எல்லாக் காம்பராவிலும் முட்டை கொடுக்கிற நாள், போன வாரம் மட்டும் நிறுத்தியிருந்தார்கள்.

வாசித்த உடனே காரணம் புரிந்துவிட்டது. மலைகளில் சிக்னல் விட்டு விட்டு வருவதால், பக்கத்தை ஒரு தரம் திறந்தால் போன் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளும்படி போன மாதம் செய்திருந்தேன். புதியதை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒழுங்காக எழுதவில்லை. நான் இங்கே எவ்வளவு திருத்தினாலும் அந்தப் போன்களில் பெயர்கள் மட்டும் புதிதாக வரும், பக்கத்தின் அமைப்பு பழையதாகவே இருக்கும். ஒவ்வொரு போனையும் கையில் வாங்கி அழிக்க வேண்டும். அழிக்க வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல் திருத்துகிற வழி இனி இல்லை.

நிலக்ஷியைத் தூக்கிக்கொண்டு சப்ராஸ் சேரிடம் போனேன். உங்கள் போனை அவர் மேசையில் வைத்து, நிமிர்த்தியும் படுக்கவைத்தும் காட்டினேன். அவரும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"நாகலெட்சுமி அக்காவுக்குத் தெரியும் சேர்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை."

"அஞ்சு நாளா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை மேசையில் வைத்துவிட்டு, "அன்னக்கி இந்தப் போனையே தெறந்து பாத்திருக்கணும். நானும் பாக்கல்ல" என்றார்.

பிறகு ஒவ்வொரு காம்பராவாக அழைத்தோம். நாளைக்கு முட்டை அவிக்காதீர்கள் என்று சொன்னோம். ஆறு பேர் எடுத்தார்கள். மேற்பிரிவில் தனுஷிகா எடுக்கவில்லை. திரீவீல் பிடித்துப் போனோம். அவளை உட்காரவைத்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாமாரை ஒவ்வொருவராகக் கேட்டு, பதினேழு பிள்ளைக்கும் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினோம். இரண்டு பேருக்குக் கச்சான் கடலை ஆகாது. ஒன்றுக்கு முட்டை. அந்தப் பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிரிவுக் காம்பராவுக்கு மட்டும் இன்னும் சொல்ல முடியவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது, இருட்டில் அந்தப் பாதையில் திரீவீல் போகாது. காலை ஐந்தரைக்கு, பெரட்டு மணிக்கு முன்னால் நானும் சேரும் போகிறோம். அதுவரைக்கும் எனக்குக் கண் மூடாது.

திரும்பி வரும்போது மீனம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். கிஷாந்தை நேற்று வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். வாசலில் தண்ணீரில் கையை அளைந்துகொண்டிருந்தான். முகம் பழைய மாதிரி ஆகிவிட்டது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி வாசல்ல வச்சி அந்தக்காவ அறைஞ்சேனே" என்றாள். "நீயும் பக்கத்துலதான நின்ன."

நின்றேன் அக்கா. நீங்கள் இரண்டு கடிதத்திலும் அதை எழுதவில்லை. நானும் எழுதவில்லை. கட்டம் இருக்கிறது என்று அவ்வளவு உறுதியாக இருந்ததால், அந்த அடி உங்களுக்கு வேண்டியதுதான் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நடந்ததை இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வைத்து ஒன்றைத் துரை ஒபிஸில் கொடுத்துவிட்டேன், மற்றது என்னிடம் இருக்கிறது. படத்துக்குப் போட்ட வரி, மகள் பெயர், ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. இனி என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "தெரியாது. பொலிஸுக்குப் போறது என் கையில இல்ல" என்றார் சேர். துஷாந்த் மத்தியானத்திலிருந்து என் அழைப்பை எடுக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. பயம் போனபின் சொல்லலாம் என்று காத்திருந்தால் தனுஷிகா நாளைக்கு முட்டை உரித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணையை மறுபடி வைக்கிறார்கள். நான் பேசுவேன். உங்கள் தாள் இன்னும் வந்து சேரவில்லை என்று சேர் சொன்னார். நீங்கள் ஏற்கெனவே போட்டு அனுப்பியிருந்தால், அது மேலே போய்விட்டால் திருப்பி வாங்குவது கஷ்டமாம். போட்டிருந்தால் யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள், அந்த ஆளைத் தேடிப் போகிறேன். போடவில்லை என்றால் போடாதீர்கள், முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் மத்தியானத்துக்குள் முனாப் நானா கடைக்கு வந்துவிடும். கண்டக்டர் பின்னேரம் அதே பஸ்ஸில் திரும்புகிறார். நான் ஹட்டன் ஸ்டாண்டில் நிற்பேன். ஒரு வரி போதும் அக்கா. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

லோஜினி